ஓடாத குதிரையும் ஓடிய துணியும்

மிஸிசிப்பி நதியை முழுசாக வரைந்தே தீருவது என்று அமெரிக்க ஓவியர் ஜான் பான்வர்ட் கிளம்பினார். பன்னிரண்டடி உயரத் துணியில் கரை, காடு, ஊர், நீராவிப் படகு என வரைந்து தள்ளி, இரண்டு உருளைகளில் சுற்றி, 1846-இல் லூயிவில் நகரில் டிக்கெட் போட்டார். விளம்பரத்தில் நீளம் மூன்று மைல். அளந்திருந்தால் அரை மைல் போலத்தான் தேறியிருக்கும். காசு கொடுத்து வந்தவன் அளவுநாடாவா கொண்டுவருவான்? உருளை சுற்றச் சுற்ற நதி நகர்ந்தது. பான்வர்ட் பக்கத்தில் நின்று கதை அளந்தார்.

காட்சி முடியும்போது துணி மொத்தமும் மறு உருளைக்குப் போயிருக்கும். திருப்பிச் சுற்ற யாருக்கு உடம்பு வளையும்? அடுத்த காட்சிக்கு வந்தவர்களை எதிர்த்திசையில் கூட்டிப்போனார். 1849-இல் விக்டோரியா மகாராணியே வின்ட்ஸர் கோட்டையில் இந்தத் துணிப் பயணம் போனார். டிக்கெட் காசில் மனிதர் கோட்டை மாதிரி வீடு கட்டினார், நியூயார்க்கில் அருங்காட்சியகம் திறந்தார், வேடிக்கைக் காட்சி வியாபாரி பி. டி. பார்னமோடு மோதினார், ஓட்டாண்டியானார். துணியின் வாலைத் தலையோடு ஒட்டி வளையல் ஆக்கியிருந்தால், கால்வாசி நதியோடு தூரிகையைக் கழுவி வைத்திருக்கலாம்.

1899-இல் நியூயார்க்கில் ‘பென்ஹர்’ நாடகம். ரதப் போட்டிக்கு எட்டு நிஜக் குதிரைகள் மேடையில் ட்ரெட்மில் மீது நாலுகால் பாய்ச்சலில் ஓடின. ஓரடிகூட முன்னேறவில்லை. பின்னால் அரங்கம் வரைந்த துணி எதிர்ப்பக்கம் பறந்தது. வியர்வை குதிரைக்கு, கைதட்டல் துணிக்கு.

பின்னணியைத் தனித் துணியாக வைக்கலாம் என்பதைச் சினிமாக்காரர்கள் முதலில் மறந்துபோனார்கள். 1914-இல் ஓவியர் வின்ஸர் மெக்கே கார்ட்டூன் படத்தில் ‘கெர்ட்டி’ டைனோசரை நடக்கவிட்டபோது, அசையாத பாறையையும் ஏரியையும் ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைய ஜான் ஃபிட்ஸிமன்ஸ் என்ற இளைஞர் மாட்டினார். நகராத பாறையை ஆயிரக்கணக்கான முறை வரைவது முற்பிறவிப் பாவம்தான். அதே ஆண்டு ஏர்ல் ஹர்ட் என்பவர் கண்ணாடித்தாள் முறைக்குக் காப்புரிமை கேட்டார்: பாத்திரம் கண்ணாடித்தாளில், காட்சி அடியில், ஒரே தடவை.

பிறகு 1957. எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவுக்குப் பூட்டுப் போட, ‘டாம் அண்ட் ஜெர்ரி’ புகழ் ஹன்னாவும் பார்பெராவும் தெருவுக்கு வந்தார்கள். தொலைக்காட்சி கொடுத்த பட்ஜெட்டோ டீச் செலவுக்குத்தான் காணும். கஞ்சத்தனம் கலையானது அங்கேதான். நீளமான ஒரு வரவேற்பறைப் படம்; இடக்கோடியிலிருக்கும் விளக்கும் கதவும் வலக்கோடியிலும் அச்சு அசலாக இருக்கும். வலக்கோடி வந்ததும் இடக்கோடிக்குத் தாவினால் ஒட்டுத் தெரியாது. அவர்களுடைய கார்ட்டூன் நாயகன் ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோன் ஓடும்போது அதே ஜன்னல் ஐந்தாறு தடவை கடந்துபோகும். அந்த வீட்டுக்கு வரி கட்டியே ஆள் திவாலாகியிருக்க வேண்டும். பார்த்தவர்களில் ஒருவரும் எண்ணவில்லை.

1985-இன் ‘சூப்பர் மரியோ’ வீடியோ கேம் இன்னும் ஒருபடி மேல்: மேகத்துக்குப் பச்சை பூசிப் புதர் என்றார்கள்.

இப்போது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் ‘ஆஃப்செட்’ போட்டால் வலப்பக்கம் வெளியேறும் பிக்சல் இடப்பக்கம் வந்து நிற்கிறது. டெக்ஸ்சர் ஓரம் பொருந்தினால் போதும் என்று நினைப்பவர் மாட்டுவது கடைசி ஃபிரேமில். அது முதல் ஃபிரேமின் நகலாக இருந்தால், சுற்றுக்கு ஒருமுறை படம் விக்கும். ஒரு ஃபிரேம் முன்னாலேயே வெட்ட வேண்டும். நகரும் தூரமும் படத்தின் அகலத்துக்கு முழு மடங்காக இருக்க வேண்டும். பத்து விநாடியில் சரியாக ஓர் அகலம் ஓடவிட்டு, மூச்சுவிட்டு, வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். “அருமை சார், ஆனா பாதி வேகத்துல ஓடட்டுமே, அதே பத்து விநாடிதான்” என்பார்.