பழி முள்ளுக்கு, வேலை மண்ணுக்கு

லாஸ்பேட்டை வாசகர்: வேனை வீடாக மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறோம். வேலிக்காத்தான் மண்டிய ஏரிக்கரைப் பாதையில் ஒருமுறை போய் வந்தாலே ஜன்னல் முழுக்கக் கோடு. முள் கண்ணாடியைக் கீறுமா?

பதில்: கீறாது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வண்டிக் கண்ணாடி சுமார் 5.5. முள் எவ்வளவு கூராக இருந்தாலும் மரம்தானே, அது அந்த உயரத்தை எட்டாது. ஆனால் கிளையிலும் கண்ணாடியிலும் படிந்திருக்கும் மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது; அதன் அளவு 7. கிளை அந்த மணலை அழுத்தி இழுத்துக்கொண்டு போகிறது. கீறியது மண், மாட்டிக்கொண்டது முள்.

திருக்கனூர் வாசகி: கண்ணாடியைக் கீறும் மரம் உலகத்திலேயே கிடையாதா?

பதில்: உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், சிலிக்கா ஊறிக் கல்லாகிக் கிடக்கின்றன. 1781இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் அவற்றைப் பற்றி எழுதினார். கண்ணாடியைக் கீறும் வல்லமை அந்த மரத்துக்கு உண்டு. நல்லவேளை, அது கிளை நீட்டிச் சாலைக்கு வராது.

ஆரோவில் சாலை வாசகர்: ஐரோப்பாவிலிருந்து வண்டியிலேயே வந்த நண்பருடைய ஜன்னலில் கோடோ கோடு. அதே பாதையில் போன என் வேனுக்கு ஒன்றுமில்லை. அவர் ஓட்டுவது சரியில்லையா?

பதில்: ஓட்டுநரைக் குறை சொல்லாதீர்கள். உங்களுடையது கண்ணாடி, அவருடையது அக்ரிலிக். அந்த ஊர் முகாம் வண்டிகளில் எடை குறையவும் வெப்பத்தைத் தடுக்கவும் இரட்டை அடுக்கு அக்ரிலிக் ஜன்னல்தான் வைக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு முள்ளே போதும், மணல் கூட வேண்டாம்.

முத்தியால்பேட்டை வாசகர்: பழைய வேன் வாங்கினேன். ஜன்னல் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொறித்திருந்தால் கண்ணாடி. முத்திரை தேய்ந்திருந்தால் விரலை மடக்கித் தட்டுங்கள். கண்ணாடி ‘டிங்’ என்று பேசும், பிளாஸ்டிக் ‘டொக்’ என்று முனகும். விற்றவரைக் கேட்பதைவிட இது நம்பகம்.

பாகூர் வாசகர்: அக்ரிலிக் ஜன்னலுக்கு மலிவாக ஒரு பாதுகாப்பு சொல்லுங்கள்.

பதில்: சன்பேக் ஷீட். தேர்தலுக்கு வேட்பாளர் சிரித்துக்கொண்டு நிற்பாரே, அந்த நெளிவட்டைதான். ஜன்னலைவிட இரண்டு விரற்கடை பெரிதாக வெட்டி, உள்பக்கம் பழைய பருத்தித் துணி ஒட்டி, ஓரத்தில் வெல்குரோ போடுங்கள். கிளை உரசினால் அட்டை தாங்கும். கிழிந்தால் வேறு வெட்டிக்கொள்ளலாம். காந்தம் வைத்து ஒட்டுகிறேன் என்று இறங்காதீர்கள், ஃபைபர், அலுமினிய உடம்பில் நிற்காது.

மூன்று கட்டளை. மாட்டும் முன் ஜன்னலைக் கழுவுங்கள். அடியில் ஒரு பிடி மண் இருந்தால் நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கணக்கு. புதர்ப்பாதை முடிந்ததும் கழற்றுங்கள். ஓட்டுநர் பார்க்கும் கண்ணாடி எதையும் எப்போதும் மூடாதீர்கள். ஜன்னலைக் காப்பாற்றப் போய் எதிரே வரும் ஆட்டுக்குட்டியை அடிக்கக் கூடாது.

உழவர்கரை வாசகர்: அட்டை எதற்கு? நிரந்தரமாக ஃபிலிம் ஒட்டிவிட்டால்?

பதில்: 2012இல் உச்ச நீதிமன்றம் வண்டிக் கண்ணாடியில் ஃபிலிமே கூடாது என்றது. பிறகு விதி திருத்தப்பட்டது. 2024இல் கேரள உயர் நீதிமன்றம், தரத்துக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்றது. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும். ஒட்டுவதானால் நிறமற்றதாக ஒட்டி, ரசீதை வண்டியிலேயே வையுங்கள். போலீஸ்காரர் சட்டம் படித்திருப்பார், தீர்ப்பு படித்திருக்க மாட்டார்.

ரெட்டியார்பாளையம் வாசகர்: ஆஸ்திரேலியாவில் முன்பக்கக் கம்பித் தடுப்பிலிருந்து கூரைவரை இரும்பு வடம் கட்டுகிறார்களாம். கிளை அதில் ஏறி மேலே போய்விடுமாம். நாமும் கட்டலாமா?

பதில்: நல்ல யுக்தி. ஆனால் 2017 டிசம்பரில் மத்திய அரசு அந்தக் கம்பித் தடுப்பையே கழற்றச் சொல்லிவிட்டது. நடந்து போகிறவர் மீது மோதினால் எலும்பு மிஞ்சாது. உங்கள் ஜன்னல் கோடு பாலிஷில் போகும்.

வில்லியனூர் வாசகர்: பேசாமல் கிளையை வெட்டிவிட்டால் என்ன? எப்படியும் அந்நிய மரம்தானே!

பதில்: உங்கள் கோபம் நியாயம். 1877 வாக்கில் சென்னை மாகாண வனத்துறை விதை தருவித்துக் கடப்பைப் பக்கம் ஊன்றியது. இன்று அது போகாத ஊரில்லை. ஆனாலும் அரிவாளை உள்ளே வையுங்கள். உங்கள் பக்கத்து ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இலும், தமிழ்நாட்டுப் பகுதி அதன் பிறகும் பறவைகள் சரணாலயமாயின; அங்கே நாமாக வெட்டக் கூடாது. வேலிக்காத்தானைக் களைவது அரசு வேரோடு செய்ய வேண்டிய வேலை. கிளையை மட்டும் நறுக்கினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்த்து, சரியாக உங்கள் ஜன்னல் உயரத்துக்கு வந்து நிற்கும்.

வைத்திக்குப்பம் வாசகி: கண்ணாடி விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு நாம் ஏதும் கடன்பட்டிருக்கிறோமா?

பதில்: பட்டிருக்கிறோம். 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1664இல் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார், மறு ஆண்டே கண்ணாடித் தொழிற்சாலையை. முதலாவது புதுச்சேரிக்கு வந்து காணாமல் போயிற்று. இரண்டாவதன் பெயர் செயின்ட் கோபெய்ன். ஸ்ரீபெரும்புதூரில் இன்றும் கண்ணாடி வார்க்கிறது. அப்புறம் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1903இல் அவர் கை தவறி ஒரு குடுவை விழுந்தது. உடைந்தும் சிதறவில்லை, உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் படலம் காய்ந்திருந்தது. உங்கள் முன் கண்ணாடி கல் பட்டால் விரிசலோடு நிற்கிறதே, அதன் தாத்தா அந்தக் குடுவை.

முதலியார்பேட்டை வாசகர்: பெட்ரோல் பங்கில் பையன் அன்பாகத் துடைத்துவிடுகிறான். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

பதில்: மனசை வரவழையுங்கள். செம்மண் புழுதி மேல் காய்ந்த துணி போட்டுத் தேய்ப்பதைவிடப் பெரிய கொடுமை ஜன்னலுக்குக் கிடையாது. காட்டுப்பாதை நாலு கோடு போடும், அந்தத் துணி நாற்பது போடும். முதலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி மண்ணைத் தானாக இறங்க விடுங்கள். பிறகு சோப்பு நுரை, மென்மையான துணி, மேலிருந்து கீழாக. அக்ரிலிக்கானால் அமோனியா கலந்த கண்ணாடித் தெளிப்பான், ஸ்பிரிட், தின்னர் எதுவும் ஆகாது. மயிரிழை விரிசல் விடும். முன் கண்ணாடியில் தூசி இருக்கும்போது வைப்பரையும் காய்ந்தபடி ஓட்டாதீர்கள். பையனுக்குப் பத்து ரூபாய் கொடுங்கள், துடைக்காததற்கு.

அரியாங்குப்பம் வாசகர்: பற்பசை தேய்த்தால் கோடு போகுமாமே?

பதில்: அக்ரிலிக்கில் மெல்லிய கோடானால் போகும். நகம் மாட்டும் ஆழமானால் 800, 1500, 2000 எண் நீர்த்தாளால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் போட வேண்டும். கண்ணாடிக்குப் பற்பசை பலிக்காது. முன் கண்ணாடியில் நகம் மாட்டுகிற கோடு விழுந்தால் மாற்றிவிடுங்கள். ராத்திரி எதிர் விளக்கு அந்தக் கோட்டில் பட்டால் சாலையே தெரியாது.

காலாப்பட்டு வாசகி: பாதை ஓரத்தில் கிளை தொங்கினாலும், காற்றுக்காக மேல்கீல் ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு மெதுவாகப் போகலாமா?

பதில்: கூடாது. நாலு தாழ்ப்பாளையும் போட்டு, பக்கக் கண்ணாடியை மடக்கி, ஒருவர் இறங்கி முன்னே நடக்க, நடை வேகத்தில் ஓட்டுங்கள். திறந்த ஜன்னலில் கிளை மாட்டினால் கீறலைப் பற்றி எனக்கு எழுத வேண்டிய அவசியமே இருக்காது. ஜன்னல் கிளையோடு போயிருக்கும்.