மொட்டை மாடியில் தாத்தா

காக்கையை நாம் கூப்பிட்டால் அது விருந்தாளி. அதுவாக வந்தால் திருட்டுக் காக்கா. அமாவாசையன்று கைப்பிடிச் சுவரில் வாழையிலைத் துண்டைப் போட்டு, சோறும் பருப்பும் வடையும் வைத்து, தொண்டை வறள "கா கா" என்று கத்துவோம். மறுநாள் அதே சுவரில் அதே காக்கை வந்து உட்கார்ந்தால் "ச்சூ" என்று கையை ஓங்குவோம். இரண்டு தரப்புக்கும் இது பழகிவிட்டது. பித்ருக்கள் சாப்பிட்டோமா, கிளம்பினோமா என்று இல்லாமல் பக்கத்திலேயே குடித்தனம் போட்டால்தான் சிக்கல்.

சேலையூரில் எங்கள் மாடியை ஒட்டி, பக்கத்து மனையில் ஒரு மாமரம் இருக்கிறது. பங்குனி வெயில் ஏறிய சமயத்தில் ஒரு ஜோடி அதன் கவட்டையில் வேலையைத் தொடங்கியது. எதிரே அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்ததால் கம்பிக்குப் பஞ்சமில்லை. மாடியிலிருந்து பார்த்தால் கூடு முழுசாகத் தெரியும். வெளிச்சுற்றில் துருப்பிடித்த கட்டுக்கம்பி. ஊடே தென்னந்துடைப்பக் குச்சி, முகக்கவசத்தின் காது நாடா, எங்கள் கொடியிலிருந்து போன ஒரு ஹேங்கர், எங்கிருந்தோ வந்த வெள்ளை இயர்போன் ஒயர். உள்ளே மட்டும் தேங்காய் நாரைப் பிரித்துப் போட்ட மெத்தை. டோக்கியோவில் முக்கால்வாசிக் கூட்டையும் ஹேங்கரிலேயே கட்டிவிடும் காக்கைகள் உண்டு. நம்மூர்க் காக்கை இன்னும் துடைப்பத்தை விடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கட்டும்வரை பேச்சுவார்த்தை சுமுகமாகவே இருந்தது. முட்டை இட்டதும் மாடி கைமாறிவிட்டது. தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் படியேறினேன். பின்மண்டையில் பொட்டென்று ஒரு அடி. திரும்பிப் பார்த்தால், ஒன்றும் அறியாத முகத்தோடு கிளையில் இருந்தது. காக்கை நேருக்கு நேர் வந்து அடிப்பதில்லை. நாம் முதுகைக் காட்டும்வரை காத்திருக்கும்.

அம்மா உடனே விசாரணை நடத்தினாள்.

"எங்கேடா அடிச்சுது?"

"பின்மண்டையிலம்மா."

"அப்போ உங்கப்பா இல்லை. அவர் உன்னை ஒரு நாளும் கை நீட்டினதில்லை. இது உங்க தாத்தா கை."

தாத்தா கணக்கு வாத்தியார். வகுப்பில் ஓசைப்படாமல் பின்னால் வந்து நின்று, வகுத்தல் தப்பானால் பின்மண்டையில் தட்டுவது அவர் முறை என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். திதிக்கு நான் லீவு போடாமல் ஆபீஸ் போனதையும் அம்மா சேர்த்துக்கொண்டாள். எதிர்வீட்டு மாமாவின் தீர்ப்பு வேறு. காக்கை சனீஸ்வரனின் வாகனம், தலையில் தட்டினால் தலைக்குக் குளித்துவிட்டு எள் விளக்குப் போடவேண்டும் என்றார். தொட்டியைப் பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும் தலைக்குக் குளித்தால் தொட்டியில் தண்ணீர் எப்படி மிஞ்சும் என்று கேட்டேன். அவர் அதற்குப் பரிகாரம் சொல்லவில்லை.

கூட்டைக் கலைத்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், மகள் செல்போனோடு வந்து நின்றாள். சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ஆம் வருடம் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது. குஞ்சு பறக்கும்வரை பெட்டியைத் தொடக்கூடாது என்று தெருவிளக்கையே போடாமல், ஊர் ஒரு மாதத்துக்கு மேல் இருட்டில் நடந்திருக்கிறது. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று பரீட்சைக்குப் படித்தவர்கள் நாம். அந்த ஊர்க்காரர்கள் படித்ததை நிஜமென்று எடுத்துக்கொண்டவர்கள். அவர்கள் ஊரையே இருட்டாக்கிக்கொண்டார்கள், உன்னால் ஒரு மாடியை விட்டுக்கொடுக்க முடியாதா என்றாள் மகள். விட்டுக்கொடுத்தேன். ஆனால் தொட்டியை யார் பார்ப்பது?

ஹெல்மெட் போட்டுக்கொண்டு மாடியேறினேன். ரோட்டில் வண்டியோடு நிற்கும்போது கைப்பிடியில் தொங்கும் ஹெல்மெட், மாடியில் துணி உலர்த்தும்போது தலையில் இருந்தது. தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காக்கைக்கு அதனால் கோபம் கூடியதே தவிர குறையவில்லை. 'டொக்' என்ற சத்தம்தான் புதிது.

அம்மா வெறுந்தலையோடு போவாள், வருவாள். அவளை ஒரு சிறகு தொடவில்லை. "பெரியவங்களுக்குத் தெரியும்டா" என்றாள். எனக்கும் தெரிந்தது, ஆனால் வேறு வழியில். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-இல் ஒரு காரியம் செய்தார். குகைமனிதன் முகமூடியை மாட்டிக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையம் போட்டு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும், கிழவரோ வாலிபரோ, காக்கைகள் கூட்டம் கூடித் திட்டின. வருடங்கள் ஆக ஆகத் திட்டும் கூட்டம் பெருகியது. பிடிபடாத காக்கைகளும் கேள்விப்பட்டுச் சேர்ந்துகொண்டன. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடியும் வைத்திருந்தார், அப்போதைய துணை ஜனாதிபதி டிக் செனியின் முகம். காக்கைகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் அந்த முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்தவர்கள் குறைவு என்று சொல்வார்கள். அவை அந்த ஊர்க் காக்கைகள், வேறு இனம். ஆனாலும் எங்கள் வீட்டு நிலவரம் அச்சு அசல் அதுதான். அம்மா தினமும் சோறு வைக்கும் முகம். நான் "ச்சூ" சொல்லும் முகம்.

வடாம் சீசனும் அதே சமயம். வழக்கமாக வேட்டியில் வடாம் பிழிந்து, பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைப்போம். காக்கை கிட்டே வராது. இந்த வருஷம் குடைக்குமேலேயே உட்கார்ந்துகொண்டு, வேறு காக்கை எதையும் அண்டவிடாமல் காவல் காத்தது. காவல் கூலியாகக் கொத்தோடு எடுத்துக்கொண்டது. கூலி போக எங்களுக்கும் கொஞ்சம் மிஞ்சியது.

காக்கையை வேலைக்கு வைத்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை. இதே ஊர்க்காக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று சான்சிபாருக்குக் கொண்டுபோகப்பட்டது. குப்பையோடு நிற்கவில்லை, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுக்கப் பரவி, மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றது. கென்யா அரசாங்கம் 2024-இல் பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. இதை வாசித்துக் காட்டியபோது அம்மா சொன்னாள்: "ஐயோ, அத்தனை பேருக்கும் யாருடா பிண்டம் வைப்பாங்க?"

குஞ்சு பொரித்த பிறகுதான் கதை திரும்பியது. கூட்டிலிருந்த மூன்றில் ஒன்றின் ஜாடை வேறாக இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. குயில் குஞ்சு! சித்திரை முழுக்க அந்த மாமரத்தில் ஆண்குயில் கூவியதை நாங்கள் இசை என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அது கூவிக் காக்கை ஜோடியைத் தன்னைத் துரத்த வைக்கும் சமயத்தில், பெண்குயில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்கிற மோசடிக்குத்தான் நாம் வசந்தத்தின் தூதுவன் என்று பட்டம் கொடுத்திருக்கிறோம். என் மண்டை, என் ஹெல்மெட், ஒரு மாதத்து வடாம் எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைக்காகவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அமாவாசை வந்தது. அம்மா இலை போட்டாள். காக்கை வந்தது, வடையைக் கவ்வியது. தான் தின்னாமல் கூட்டுக்கு எடுத்துப்போய், பிய்த்து, மற்ற இரண்டையும் விடப் பெரிதாக வாயைப் பிளந்துகொண்டிருந்த குயில் குஞ்சின் வாயில் முதலில் திணித்தது.

"பாத்தியாம்மா? அது குயில். அப்பாவுக்குனு வெச்ச வடை எங்கேயோ போகுது. இதுக்குக்கூட அடையாளம் தெரியல, இதைப் போய்த் தாத்தாங்கிறியே!"

அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க தாத்தா வாத்தியார் வேலை பார்த்தப்போ, படிக்க வந்த ஊர்ப் பிள்ளைங்க நாலு பேர் எப்பவும் நம்ம வீட்டுத் திண்ணையிலதான். அவங்களுக்குப் போட்டது போகத்தான் உங்கப்பாவுக்குச் சோறு. உங்க பாட்டி அதைச் சொல்லிச் சொல்லியே செத்துப் போனா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னும் ரெண்டு வடை எடுத்துட்டு வா. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு வா, பெரியவர் முன்னாடி அது என்ன மரியாதை?" என்றாள்.