முதலில் தீர்ப்பு, பிறகு கம்ப்யூட்டர்

சிம்பாங் ரெங்கம் என்றதும் சிலருக்கு அன்னாசி நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்குத் தடுப்பு முகாம். 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தைக் காட்டி, வழக்கே இல்லாமல் ஆட்களை உள்ளே வைத்திருந்த முகாம். அவசரகாலப் பிரகடனத்தை 2011இல் மலேசிய நாடாளுமன்றம் ரத்து செய்தது. பின்னாலேயே சட்டமும் காலாவதியானது. அந்தச் சேதி இன்னும் எட்டாத ஒருவர் இந்த வட்டாரத்து ஆபீஸ்களில் தவறாமல் இருக்கிறார். பதவி, நிர்வாகி. பொழுதுபோக்கு, விசாரணை.

"அந்தப் பொண்ணு முழியே சரியில்ல. ரெக்கார்டை எடு தம்பி."

கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி, அவள் கணினி திறந்த இணையப் பக்கங்களின் பட்டியலை எடுத்துக் கொடுப்பான்.

"பாத்தியா, ராத்திரி ரெண்டு மணிக்கு மேஞ்சிருக்கு!"

"அண்ணே, அது கிரீன்விச் நேரம். நமக்கு எட்டு மணி நேரம் கூட்டணும். காலையில பத்து."

"வேலை நேரத்துலயா? இது அதைவிட மோசமாச்சே!"

பட்டியலில் ஒரு சேலைக்கடை. செய்தி படிக்கத் திறந்த பக்கமே ஓரத்து விளம்பரத்துக்காகத் தானாக நாலு இடத்தைக் கூப்பிடும், அதுவும் பதிவாகும், கை படவே வேண்டாம் என்று தம்பி விளக்குவான். "எல்லாருக்குமா சேலை விளம்பரம் வருது?" என்பார். அவருக்கு என்ன விளம்பரம் வருகிறது என்பது தம்பிக்குத் தெரியும், சொல்ல முடியாது.

கடவுச்சொல் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து ஆபீஸே உள்ளே போகும், அண்ணன் உட்பட. பதிவு சொல்வது எந்தக் கணினி என்பதை மட்டும்தான். முன்னால் உட்கார்ந்தது யார் என்று அதற்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். அதே பட்டியலில் அவர் அக்கா மகன் மணிக்கணக்காகப் பந்தாட்டம் பார்த்திருப்பான். "பையன் உலக அறிவு வளர்க்கிறான்."

விவரம் தெரிந்தவர்கள் கணினியின் வட்டை அப்படியே படியெடுத்து, அந்தப் படியில்தான் தேடுவார்கள். இவர் அசலிலேயே உட்கார்ந்து கோப்புகளைத் திறந்து மூடுவார். சிலவற்றில் தேதியே மாறிப்போகும். "பாத்தியா, நேத்துகூடத் திறந்திருக்கு!"

முதலாளிக்குத்தான் வயிற்றைக் கலக்கும். தக்க காரணமில்லாமல் நீக்கப்பட்டதாக நினைப்பவர், 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் 60 நாளுக்குள் முறையிடலாம். தொழில் நீதிமன்றம் வரை போகலாம். உள்விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பார் முதலாளி. புகார்தாரர், சாட்சி, தலைவர் மூன்று நாற்காலியிலும் அண்ணன் ஏற்கெனவே துண்டு போட்டிருப்பார்.

"தலைவர் வெளியாளா இருக்கட்டும்."

"அதுக்கென்ன முதலாளி, குளுவாங்ல என் மச்சான் இருக்கார். எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்."