மீட்டருக்குத் தெரியாமல் சுவரைச் சூடேற்றுவது எப்படி?

திருப்பூர் ராயபுரத்தில் பல வீடுகளுக்கு முன்னறைதான் கம்பெனி. ஒரு ஓவர்லாக் மெஷின், மூலையில் பனியன் வேஸ்ட் மூட்டை, அதைத் தாண்டினால் அடுப்படி. இப்படிப்பட்ட வீட்டில் ஒயரைச் சத்தமில்லாமல் சூடேற்ற நினைப்பவர்களுக்கு இப்போது ஒரு கவலை: ஸ்மார்ட் மீட்டர் வந்தால் கண்டுபிடித்து ஈபி ஆபீஸுக்குச் சொல்லிவிடுமாமே? பயப்படாதீங்க. வழி இருக்கிறது.

மீட்டரின் திருகுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். சில ஸ்மார்ட் மீட்டர்களுக்குள் வெப்பம் அறியும் சென்சார் உண்டு. அமெரிக்காவில் மீட்டரையே பிளக் மாதிரிச் செருகுகிறார்கள். பிடி தளர்ந்து சூடு ஏறினால் மீட்டர் தகவல் அனுப்பிவிடும். ஆனால் அதன் மூக்கு வாசற்படியோடு சரி. வீட்டுக்குள் நடப்பதை வோல்ட்டேஜ், கரண்ட் என்று எண்களாகத்தான் அறியும்.

ஆகவே உள்ளே வாருங்கள். கீசர் பிளக் பாயிண்டின் பின்னால் ஒரு திருகைத் தளர்த்திவிட்டு மறந்துவிடுங்கள். மறப்பதுதான் முக்கியம். 2000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை போதும்: ஒன்பதை ஒன்பதால் பெருக்கிப் பாதியாக்கினால் 40 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் புதைத்து வைத்த கணக்கு. (இந்தக் கணக்கை 1841-இல் சொன்னவர் ஜூல். பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. சூட்டின் அருமை தெரிந்தவர்.) சாதாரண ஒயரின் பிவிசி உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். சூட்டில் திருகு இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சுடும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும்.

காவலாளிகள் என்ன செய்வார்கள்? 16 ஆம்பியர் எம்சிபி, ஒன்பதுதானே போகிறது என்று தூங்கும். ஆர்சிடி, 30 மில்லி ஆம்பியர் கசிவைத் தேடும். இங்கே கசிவே இல்லை. ஸ்மார்ட் மீட்டர் அந்த 40 வாட்டையும் கீசர் கணக்கிலேயே எழுதிக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பதால், சுவர் வேகும் செலவில் அரசுக்கும் பங்குண்டு.

அலுமினிய ஒயரையும் காப்பர் ஒயரையும் முறுக்கி டேப் சுற்றுவது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி வேஸ்ட் மூட்டைக்கு அடியில் தள்ளுவது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் த்ரீ ஃபேஸ் சர்வீஸில் வெளியிலிருந்து வரும் நியூட்ரலைத் தொடாதீர்கள். அது அறுந்தால் 230 வோல்ட் 300-ஐத் தாண்டக்கூடும். ஸ்மார்ட் மீட்டர் அதைப் பதிவு செய்து உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

மிச்சமிருக்கும் ஒரே எதிரி வீட்டு அம்மிணியின் மூக்கு. சூடேறிய சில ஸ்விட்ச் பிளாஸ்டிக் மீன் வாடை வீசும். “ஏனுங்க, பக்கத்து வீட்டில் கருவாடா?” என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

சமாளிக்க மனசு வரவில்லையா? நாளைக் காலை குளித்து முடித்ததும் கீசர் பிளக்கின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் மெயினை அணைத்துவிட்டு ஒயர்மேனுக்கு போன் போடுங்கள். திருகு முடுக்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.