முழு டிக்கெட்டு, பாதிக் கதை

ஏலே பேராண்டி, ஆயிரம் பக்கக் கதைய கார்ட்டூனா எடுக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியாமே? நல்லா எடு. அதுக்கு முன்னால நம்ம ரால்ஃப் பக்ஷிகிட்ட தொழில் படிச்சுக்கோ. 1978-ல 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எடுத்தாருல்லா, நீ போன்ல காட்டினியே, அவருதான்.

வரையக் கஷ்டமா இருந்தா வரையாத. அவரு ஸ்பெயின்ல ஆளுகளுக்கு வேஷங்கட்டி, குதிரையில ஏத்தி ஓடவிட்டுப் படம் புடிச்சாரு. பொறவு ஒவ்வொரு பிரேமா வச்சு மேல கோடு இழுத்தாவ. ரோட்டோஸ்கோப்புன்னு பேராம். நோகாம நொங்கு திங்கிற வேலைன்னு நெனைச்சிராத. ஒரு நொடிக்கு 24 பிரேமுல்லா! சண்டைக் கட்டம் வந்ததும் கை ஓஞ்சுபோச்சு போலுக்கு, ஓர்க்குங்கிற அரக்கப் படைய வரையாம, புடிச்ச படத்து மேலயே சாயத்தப் பூசி விட்டுட்டாவ. நிக்கவன் சித்திரம், வெட்ட வாரவன் நெசமான மனுசன். கேலி பண்ணுதேனே தவிர, அந்தச் செவப்புக் கண்ணுப் படை இருட்டுல வரும்போது எனக்கே வயித்தக் கலக்கிச்சு.

பேரு வைக்கையில கவனம். சௌரான், சாருமான்னு ரெண்டு வில்லன். சனம் கொழம்பிரும்னு சாருமானோட தலையெழுத்த வெட்டி ஆருமான் ஆக்குனாவ. படத்துல ஒருத்தன் சாருமாங்கான், இன்னொருத்தன் ஆருமாங்கான். ரேஷன் கார்டுல ஒம்பேரு மாதிரி.

முக்கியமான வித்த இனிமேதான். கதைய பாதில நிறுத்து, ஆனா மூச்சு விடாத. கதைய எழுதின டோல்கீன் மூணு புத்தகமா போட்டதுல, 132 நிமிசம் ஓடியும் ரெண்டாவதத் தாண்டல. பக்ஷிக்கு 'முதல் பாகம்'னு போட ஆச. பாதிப் படத்துக்கு எவன் முழுத்துட்டு குடுப்பான்னு கம்பெனிக்காரவுக அத அழிச்சிட்டாவளாம். கோட்டைச் சண்டை ஜெயிச்சதும் இருட்டு ஒழிஞ்சுதுன்னு ஒரு கொரலு மங்களம் பாடுது. மோதிரம் இன்னும் அதச் சொமந்துட்டுப் போற குட்டப்பயகிட்டதாம்லே இருக்கு! அடுத்த பாகத்த அவரு எடுக்கவேயில்ல. நம்மூரு தோல்பாவைக்காரரு, அனுமாரு கடலத் தாண்டின மானிக்கே திரைய அவுத்திருந்தா சும்மா விட்டிருப்போமா?

நியூசிலாந்துல பீட்டர் ஜாக்சன்னு ஒரு பய பக்ஷி படத்தப் பாத்த பொறவுதான் புத்தகத்த வாங்கிப் படிச்சானாம். 2001-லேருந்து வருசத்துக்கு ஒண்ணா இதே கதைய மூணு படமா வுட்டான். பாதிக் கதைக்கும் ஒரு பவுசு இருக்கத்தான் செய்யுது.

நீ எடுக்கது கெடக்கட்டும். நேத்து ஒன் போன ஆச்சியும் எட்டிப் பாத்துட்டா. வெத்தல இடிக்கையிலெல்லாம் 'அந்தக் குட்டப்பய மோதிரத்த என்ன செஞ்சான்'னு என் உசுர வாங்குதா. வந்து மிச்சத்தச் சொல்லிட்டுப் போ.