பெரிய வட்டா, வேகமான வட்டா?

கேள்வி: புதிய டெஸ்க்டாப் கணினிக்கு 500 ஜிபி எஸ்எஸ்டியைவிட 2 டிபி ஹார்டு டிஸ்க் வாங்குவதுதானே லாபம்?

பதில்: கொள்ளளவுக்கு லாபம், காத்திருப்பவரின் பொறுமைக்கு நட்டம். ஹார்டு டிஸ்கின் காந்தத் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழன்றாலும், தேடும் தகவல் படிக்கும் முனையின்கீழ் வந்துசேரச் சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. முனை நகரும் நேரம் தனி. கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால் இத்தாமதம் துளித்துளியாய்ச் சேர்ந்து பெருகிவிடுகிறது. சுழலும் பாகமே இல்லாமல் மின்னணுச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இந்தக் காத்திருப்பு மில்லிநொடியில் ஒரு சிறு பின்னமே. ஆகவே விண்டோஸும் அன்றாடச் செயலிகளும் எஸ்எஸ்டியிலும், படங்களும் காணொளிகளும் ஹார்டு டிஸ்கிலும் இருப்பதே சரியான பங்கீடு.

எஸ்எஸ்டியிலும் வகை உண்டு. சாட்டா இணைப்பு நொடிக்குச் சுமார் 550 எம்பி வேகத்தோடு நின்றுவிட, மதர்போர்டுடன் நேரடியாகப் பேசும் என்விஎம்இ வகையின் மூன்றாம் தலைமுறை சுமார் 3500 எம்பியை எட்டுகிறது. இரண்டுமே எம்.2 என்னும் மெல்லிய பட்டை வடிவில் கிடைப்பதால், வடிவத்தைப் பார்த்து ஏமாறாமல், மதர்போர்டின் கையேட்டில் அந்த எம்.2 செருகுவாய் எதை ஏற்கும் என்று படித்தறிவது கட்டாயம். சில போர்டுகளில் அதில் வட்டைச் செருகினால் ஒரு சாட்டா இணைப்பு செயலிழந்துவிடும்.

புதிய கணினியின் மற்ற பாகங்களைப் பொறுத்தவரை, ராம் 16 ஜிபி இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும். மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் கூடாது; அது பழுதானால் மற்ற பாகங்களையும் கெடுக்கக்கூடும். எந்த வட்டை வாங்கினாலும் முக்கியக் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.