கணிதப் பட்டம் இலாபமா நட்டமா: வீட்டிலேயே கணக்குப் பார்க்கும் முறை

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. பொறியியலுக்கான வெட்டுப்புள்ளி மயிரிழையில் தப்பிவிட்டது. பேராதனை விஞ்ஞான பீடத்தில் கணிதம் படிக்கப்போவதாகப் பிள்ளை சொல்கிறது. பதற வேண்டாம். கீழ்க்காணும் முறையைப் பின்பற்றினால் ஒரே மாலையில் முடிவெடுத்துவிடலாம்.

தேவையானவை: இசட் புள்ளி ஒன்று, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் ஒன்று, பிளேன்டீ தேவையான அளவு, கனடாவில் மாமா ஒருவர். மாமா அகப்படாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் போதும். புத்திமதியின் தரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: கட்டணத்தை எழுதுங்கள்.
பூச்சியம். 1945 முதல், இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் புண்ணியத்தில், இந்த வரி காலியாகவே இருக்கிறது. அதன் கீழே விடுதி, பஸ், சாப்பாடு என மூன்று வரிகளை விடுங்கள். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் வரவில் சேருங்கள். 2025இல் அது 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 250. அதற்குள் மூன்று வேளைச் சாப்பாட்டை அடக்கும் வித்தை இணைந்த கணிதத்தில் இல்லை. கன்டீனில் செய்முறையாகப் பழகிக்கொள்ளலாம்.

படி 2: காலத்தை எழுதுங்கள்.
பொதுப் பட்டத்துக்கு 3 வருஷம், சிறப்புப் பட்டத்துக்கு 4. இது தாளில் உள்ள கணக்கு. அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களையும் வேலைநிறுத்தம், பகிஷ்கரிப்பு என்று போகும் மாதங்களையும் கூட்டுங்கள். அதே காலத்தில் கட்டாருக்குப் போன பக்கத்து வீட்டுப் பையன் மேல்மாடிக்குக் கொங்கிறீட் போட்டுவிட்டான் என்று அப்பா சொல்வார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக் கடன் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், விடை மாறிவிடும்.

படி 3: பாலத்தைக் கடந்து பாருங்கள்.
மகாவலியின் ஒரு கரையில் விஞ்ஞான பீடம், மறுகரையில் பொறியியல் பீடம், நடுவே அக்பர் பாலம். நடந்தால் சில நிமிடம். எந்தக் கரை உங்களுக்கு என்பதை இசட் புள்ளியின் தசமத்துக்குப் பின்னால் வரும் இலக்கங்கள் தீர்மானிக்கின்றன. கல்யாணத் தரகர்கள் இந்த ஆற்றை நன்றாக அறிவார்கள். பொறியியல் கரையோடு நின்றுவிடுவார்கள்.

படி 4: உத்தியோகங்களை வரிசைப்படுத்துங்கள்.
கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பவர்கள் இங்கே தொடங்கலாம். 2020இல் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் பயிலுனர்களாக எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். இப்படி உள்ளே போனவர்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனார்கள். பிரதேச செயலகத்தில் கதிரைகளைவிட ஆட்கள் கூடினால் ஒரு கதிரைக்காவது இருவர் உண்டு என்பது புறாக்கூட்டுத் தத்துவம். பட்டம் பயன்படவில்லை என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

அடுத்தது டியூஷன். ஞாயிறு காலை கண்டியில் ஒரு வகுப்புக்குள் எட்டிப் பாருங்கள். வாங்கில் இடிபட்டு உட்கார்ந்த பிள்ளைகள், கடைசி வரிசைக்கென்று தொங்கவிட்ட டிவி, மைக்கில் தொகையீடு சொல்லும் சேர், வாசலில் காசு வாங்கிக்கொண்டு டியூட் நீட்டும் பையன். கணிதத்துக்கு உண்மையான சந்தை விலை கொடுக்கும் இடம் இதுதான். ஹட்டனில் விடிய முன்னர் பஸ் ஏறிய பிள்ளையும் அந்த வாங்கில்தான் இருக்கும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரக் கணிதப் பிரிவே இல்லை. சிலவற்றில் பிரிவு உண்டு, ஆசிரியர் இல்லை.

படி 5: டொலரில் மாற்றுங்கள்.
அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளராகச் சேர்ந்தால் அங்கும் கட்டணம் இல்லை, கைச்செலவுக்கும் தருவார்கள். பதிலுக்கு முதலாம் வருஷப் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அனுமதிக்கான ஜி.ஆர்.இ. போன்ற பரீட்சைகளுக்கு முதலில் டொலரில் கட்டுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 டொலருக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய் போதுமாக இருந்தது. ரூபாய் சரிந்ததால் மே மாதத்தில் ஏறக்குறைய 72,000 ரூபாய் தேவைப்பட்டது. வகையீடு என்றால் என்னவென்று அன்று நாடே படித்தது.

படி 6: பெரியவர்களை உதாரணம் காட்டுங்கள்.
கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம் 1947இல் வர்த்தக அமைச்சரானார். கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்த சி. ஜே. எலியேசர் கொழும்பில் கணிதப் பேராசிரியராகி, பிறகு மலாயாவுக்கும் மெல்பேர்னுக்கும் போனார். ஆகவே கணிதம் படித்தால் அமைச்சராகலாம், அல்லது வெளிநாடு போகலாம். “இரண்டு பேரை வைத்துத் தேற்றம் நிறுவ ஏலாது மாமா” என்று பிள்ளை குறுக்கிட்டால் மகிழுங்கள். படிப்பு ஏறத் தொடங்கிவிட்டது.

சிக்கல்களும் தீர்வுகளும்

விடை மறை எண்ணாக வந்தால்? பொதுவாக அப்படித்தான் வரும். டியூஷன் வருமானத்தைச் சேர்த்து மறுபடி போடுங்கள்.

மிகப் பெரிய நேர் எண்ணாக வந்தால்? மாமா சம்பளத்தைக் கனேடிய டொலரிலும் செலவை இலங்கை ரூபாயிலும் சொல்லியிருப்பார்.

முதலீடு யாருடையது? இதைப் பலரும் நிரப்ப மறந்துவிடுகிறார்கள். தோட்டத்துக் கடையில் சவர்க்காரம் வாங்கும் ஆச்சி, 2024 முதல் அதில் 18 வீதம் பெறுமதி சேர் வரியாகக் கட்டுகிறார். முதலாம் படியின் பூச்சியம் அவரைப் போன்றவர்கள் போட்ட காசு. இலாபம் இதுவரை டியூஷன் வாசலிலும் அமெரிக்க வகுப்பறையிலும் செயலகக் கதிரையிலும் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. ஆச்சியின் பேரப்பிள்ளை படிக்கும் பாடசாலைக்கு ஒரு கணித ஆசிரியர் நியமனமாகிப் போனால் அவர் பெயரிலும் ஒரு வரவு எழுதலாம். அதுவரை கூட்டுத்தொகையைப் பென்சிலால் எழுதுங்கள்.